முதல் வைக்கோல் போர்: ஒரு மாடும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவர்களுக்கு

மாட்டைக் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் பலருக்கும் வைக்கோல் ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான். மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு கறவை, ஒரு கன்று என்று ஊருக்குத் திரும்பிய முதல் வருஷம் நானே ஒரு போர் போட்டேன். வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் பிரித்தால் உள்ளே பாதி கறுத்து, எருக்குழி வாடை. மாடு ஒரு தடவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்து வயல் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார். "மேல ஏறிப் பாத்தீங்களா தம்பி? நடுவுல குழி விழுந்து கெடக்கு. இது போர் இல்ல, தண்ணித் தொட்டி" என்றார். அடுத்த தையில் அவரே கீழே நின்று சொல்லச் சொல்ல நான் மேலே நின்று மிதித்தேன். இங்கே எழுதுவதில் பாதி அவர் சொன்னது, மீதி நான் கெடுத்துக் கற்றது.

எவ்வளவு வேண்டும்

பசும்புல் ஓரளவு இருக்கும் வீட்டில், வளர்ந்த கறவை மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 7 கிலோ உலர்தீவனம் போதும். 6 கிலோ என்று வைத்தால் வருஷத்துக்கு 2,200 கிலோ. நன்றாக விளைந்த சம்பா வயல் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 2 டன் வைக்கோல் கிடைக்கும், ஆனால் மிஷின் அறுத்தால் அதில் ஒரு பங்கு அரிதாளாக வயலிலேயே நின்றுவிடும். ஒரு மாட்டுக்கு ஒரு ஏக்கர் என்பது இழுத்துப்பிடித்த கணக்கு. அழுகலுக்கும் சிந்தலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்தால் அறுவடைச் சமயத்திலேயே பக்கத்து வயலில் வாங்கிவிட வேண்டும். கேரளாவுக்குப் போகும் லாரிகள் வர ஆரம்பித்தால் விலை நம் பேச்சைக் கேட்காது.

சம்பா, தாளடி வைக்கோல்தான் போருக்கு ஏற்றது. தை, மாசியில் அறுப்பதால் வெயில் துணைக்கு இருக்கும். குறுவை வைக்கோல் புரட்டாசி மழையோடு மல்லுக்கட்டி வருவது. அதைப் போர் போட்டு வைக்க ஆசைப்படாமல் அவ்வப்போது போட்டுத் தீர்ப்பதே நல்லது. சன்ன ரக நெல்லின் தாளை மாடு விரும்பித் தின்னும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஆளுயரம் வளரும் ரகம் கொஞ்சம் போட்டிருந்தால் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். போரின் உச்சியான முகட்டை வேய அதைப் போல ஒன்றும் கிடையாது.

மிஷின்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்

அறுவடை மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. உயரமாக அறுத்தால் வண்டி வேகமாக ஓடும், வைக்கோல் குட்டையாகும். அடியோடு ஒட்டி அறுத்தால் நேரம் கூடும், தாள் நீளமாகக் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர் அந்தக் கூடுதல் நேரத்துக்கான காசைக் கொடுத்துவிடலாம், நஷ்டமில்லை. வண்டி வயலில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாதி வயலில் கையைக் காட்டிக் கத்தினால் டிரைவருக்குக் கேட்காது.

சேறாக இருக்கும் வயலில் பெல்ட் வண்டி இறங்கினால் வைக்கோலை மிதித்துச் சேற்றில் அமுக்கிவிடும். மண் ஒட்டிய வைக்கோலை மாடு தொடாது. அதைப் போரில் சேர்த்தால் நல்லதையும் கெடுக்கும். மண் பட்டதைத் தனியாக ஒதுக்கி மரத்தடிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள். கையால் அறுத்து, அடித்து எடுத்த வைக்கோல் கிடைத்தால் கொடுப்பினை. நீளமாக, ஒரே வாக்கில் இருக்கும். போர் போடவும் சுலபம்.

காய்ச்சல்

வைக்கோலில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. காய்ச்சல் போதாத வைக்கோலுக்குப் பின்னால் போருக்குள் காய்ச்சல் வரும் என்பார் பெரியவர். விளையாட்டுப் பேச்சு இல்லை. ஈரம் மிச்சமிருக்கும் தாளில் நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும், சூடு கிளம்பும், சுற்றிலும் வைக்கோலே போர்வையாக இருப்பதால் அந்தச் சூடு வெளியேறாது. போர் போடும்போது ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பூசணமும் சூடும் உறுதி.

அறுத்த இரண்டு, மூன்று நாள் வயலிலேயே கிடக்கட்டும். மிஷின் விட்டுப்போகும் நீள வரிசையின் மேல்புறம் காய்ந்து பளபளக்கும், கீழே கையை விட்டால் ஜில்லென்றிருக்கும். இரண்டாம் நாள் பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்ததும் கவைக்கம்பால் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். நாலைந்து முறை புரட்டத் தேவையில்லை. தாளைவிட்டு இலை உதிர்வதுதான் மிச்சமாகும். தை மாதப் பனியைக் குறைத்து எடைபோடாதீர்கள். விடியற்காலையில் அந்த வைக்கோலைப் பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டும். வாருவது, ஏற்றுவது, போர் போடுவது எல்லாம் பதினொரு மணியிலிருந்து நாலு மணிக்குள் முடிய வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூன்று வழி. ஒரு கைப்பிடி எடுத்துக் கயிறு மாதிரி முறுக்குங்கள். நாலைந்து முறுக்கில் நொறுநொறுவென்று ஒடிந்தால் சரி, துவண்டால் இன்னொரு வெயில் வேண்டும். அடுத்தது கணு. தாள் காய்ந்த பிறகும் கணுவில் ஈரம் ஒளிந்திருக்கும், நகத்தால் அழுத்தினால் பச்சையாக நசுங்கும். இன்னும் சந்தேகமா? வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய வைக்கோலைத் தளரப் போட்டு, ஒரு ஸ்பூன் காய்ந்த பொடி உப்பையும் போட்டு, மூடிக் குலுக்குங்கள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தே இருந்தால் காய்ந்துவிட்டது. கட்டிதட்டினால் ஈரம். எங்கள் வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

காயும்போது தூறல் விழுந்துவிட்டால் பதறி வாரி முட்டுப் போடாதீர்கள். அப்படியே கிடந்து நனையட்டும். வெயில் வந்ததும் புரட்டுங்கள். நனைந்து காய்ந்தது நிறம் கெடும், சத்தும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நனைந்ததைக் குவித்தால் முழுசும் போய்விடும்.

இடமும் அடியும்

வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளிப் போடுங்கள். மின்கம்பிக்கு அடியில் கூடவே கூடாது. கம்பி உரசித் தெறிக்கும் ஒரு பொறி போதும். வைக்கோலை உயரமாக ஏற்றி வரும் டிராக்டருக்கும் அதே ஆபத்துதான், வரும் வழியிலேயே கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று மேற்கிலிருந்து வீசும். அதனால் விறகடுப்புக்கும் குப்பை கொளுத்தும் இடத்துக்கும் கிழக்கே போர் இருக்கக் கூடாது.

இடம் மேடாக இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். மரத்து நிழல் வேண்டாம். மழை விட்ட பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

தரையில் நேரடியாகப் போட்டால் அடியில் ஒரு முழம் மண்ணுக்குத்தான். 12 அடி விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, செங்கல்லோ கருங்கல்லோ அடுக்கி, அதன் மேல் பனங்கட்டை அல்லது சவுக்குக் கழிகளை ஒரு அடிக்கு ஒன்றாகப் பரப்புங்கள். குறுக்கே காய்ந்த தென்னை மட்டை. தரைக்கும் வைக்கோலுக்கும் ஒன்றரை அடி இடைவெளி கிடைத்தால் காற்றும் ஓடும், கரையான் ஏறுவதும் கண்ணில் படும். சுற்றிலும் கருவேல முள்ளை வைத்தால் ஆடு அண்டாது. எலி அதையும் தாண்டி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். இதைக் கடைசியில் சொல்கிறேன்.

வட்டத்தின் நடுவில் 14 அடி உயரச் சவுக்குக் கம்பு ஒன்றை ஆழமாக நட்டுக்கொள்ளுங்கள். பழகிய கைகளுக்கு அது தேவையில்லை. புதியவர்களுக்கு அதுதான் கண். போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஏற்றுவது

மூன்று பேர் வேண்டும். ஒருவர் வண்டியிலிருந்து எடுத்துத் தர, ஒருவர் கவைக்கம்பால் மேலே வீச, ஒருவர் மேலே நின்று வாங்கிப் பரப்பி மிதிக்க. மேலே நிற்பவர்தான் போர் போடுகிறவர், மற்ற இருவரும் அவருக்கு எடுபிடி. புதியவர்கள் மேலே ஏறட்டும், தெரிந்தவர் கீழே நிற்கட்டும். கோணல் கீழே நிற்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

முதல் சுற்றை ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுக்கம்பை நோக்கிப் போடுங்கள். வைக்கோலைக் குவியலாகக் கொட்டாமல் கை கையாக வாங்கி, தாளின் ஒரு முனை வெளியே பார்க்க, மறுமுனை உள்ளே இருக்கப் படுக்கவையுங்கள். அடுத்த கை முந்தினதன் பாதியை மூட வேண்டும், கூரைக்கு ஓலை வேய்வது போல. ஒரு சுற்று முடிந்ததும் நடுவை நிரப்புங்கள். நிரப்புவது என்றால் ஓரத்துக்குச் சமமாக இல்லை, ஓரத்தைவிட ஒரு முழம் உயரமாக. பிறகு கம்பைச் சுற்றி நன்றாக மிதியுங்கள். ஓரத்தில் லேசாக நடந்தால் போதும்.

ஏன் என்று எனக்கு முதல் வருஷம் புரியவில்லை. போர் அமரும். ஒரு மாதத்தில் நாலில் ஒரு பங்கு உயரம் குறைந்துவிடும். நடுவை மிதித்து இறுக்கியிருந்தால் அது அதிகம் அமராது, தளர்வான ஓரம்தான் இறங்கும். அப்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளும் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும். மழைத்துளி உள்ளே போனாலும் தாளைப் பிடித்துக்கொண்டே வெளியே வழிந்துவிடும். நான் செய்தது தலைகீழ். கீழே விழுந்துவிடப்போகிறோம் என்ற பயத்தில் நடுவிலேயே நின்றுகொண்டு ஓரத்தில் வைக்கோலை அள்ளி அள்ளி வைத்தேன். ஓரம் சுவராக நின்றது, நடு பள்ளமானது, ஊர் மழையெல்லாம் உள்ளே இறங்கியது.

ஏற ஏற ஓரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். அடியில் 12 அடி என்றால் தோள் மட்டத்துக்கு மேல் 13, 14 அடி வரலாம். பானையின் வயிறு மாதிரி. அப்படியிருந்தால் மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் போரின் அடியில் விழாமல் தள்ளி விழும். ஏழெட்டு அடி உயரத்துக்குப் பிறகு உள்ளே இழுக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அரை அடி உள்ளே. நடு மட்டும் எப்போதும் மேடு. இந்த அளவில் கூம்போடு 12, 13 அடி உயரப் போரில் ஏறத்தாழ 2 டன் பிடிக்கும்.

நாளைக்கு மீதி என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரே நாளில் முடியாது என்று தெரிந்தால் சின்னதாக இரண்டு போர் போடுங்கள். அரைகுறைப் போரின் தட்டையான மண்டையில் ஒரு ராத்திரிப் பனி இறங்கினால், அந்த ஈரத்தின் மேல்தான் மறுநாள் வைக்கோல் ஏறும்.

முகடு

கூம்பு குறுகி நடுக்கம்பின் நுனி மட்டும் தெரியும்போது, எடுத்து வைத்த நீளத் தாளைக் கொண்டுவாருங்கள். கீழேயிருந்து மேலாக, கதிர்ப்பக்கம் கீழே தொங்க, அடுக்கடுக்காகப் போர்த்துங்கள். உச்சியில் ஒரு பெரிய தாள்கட்டை வைத்து, நடுக்கம்போடு சேர்த்துக் கட்டிக் குடை மாதிரி விரித்துவிடுங்கள். இறங்கி வந்ததும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. கவைக்கம்பாலோ கையாலோ போரின் பக்கங்களை மேலிருந்து கீழாக வாரி விடுங்கள். தளர்ந்தது உதிர்ந்துவிடும், மற்றது கீழ்நோக்கிப் படியும். தலை சீவின மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு கட்டு. வைக்கோலையே முறுக்கிப் பிரி திரித்து, உச்சிக்கு மேல் நாலைந்து குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் செங்கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். போர் அமர அமரச் செங்கல்லும் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், தளராது. கடலோரப் பக்கம் பழைய மீன்வலையை மூடிக் கட்டுவார்கள், அதுவும் நல்ல யோசனைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போன பகுதி இது. கட்டு விஷயத்தில் இங்கே யாரும் அசட்டை காட்டுவதில்லை.

தார்ப்பாய் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போர் போட்ட அன்றே முழுசாக மூடினால் உள்ளேயிருந்து கிளம்பும் ஆவி பாயில் பட்டு வேர்த்து, திரும்ப வைக்கோலிலேயே சொட்டும். இரண்டு வாரம் போகட்டும். பிறகு உச்சிக்கு மட்டும், நடுவில் கம்பு வைத்துக் காற்று போக இடம் விட்டுக் கட்டலாம். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மலிவான நீலப் பாய் நம்மூர் வெயிலுக்கு ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. நன்றாக வேய்ந்த முகட்டுக்குப் பாயே வேண்டாம் என்பது என் கட்சி.

முதல் மாதக் காவல்

முதல் மூன்று, நாலு வாரம் போரைக் கவனியுங்கள். காலையில் உச்சியிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பினாலோ, புகையிலை வாடையோ கருகிய வெல்ல வாடையோ அடித்தாலோ உள்ளே சூடு ஏறுகிறது. ஒரு கடப்பாரையைப் பக்கவாட்டில் நாலைந்து அடி குத்தி, அரை மணி நேரம் விட்டு உருவுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை, மறுநாளும் பாருங்கள். பிடிக்க முடியாமல் கை சுட்டால் 60 டிகிரி பக்கம் வந்துவிட்டது. 70, 80 என்று போனால் தானாகவே பற்றிக்கொள்ளும் நிலை. அந்த நிலையில் ஆத்திரத்தில் போரைப் பிளக்காதீர்கள், காற்றுப் பட்டதும் குப்பென்று பிடிக்கும். மேலே ஏறவும் கூடாது, உள்ளே வெந்து பொந்தாகியிருக்கலாம். 101-க்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்த பிறகு தண்ணீரோடு பிரியுங்கள்.

நான் பார்த்த வரையில் எங்கள் பக்கம் போர் எரிவது பெரும்பாலும் வெளிப்பொறியால்தான். பீடித் துண்டு, வயலில் கொளுத்திய அரிதாள், தீபாவளி ராக்கெட். தீபாவளிக்கு முன்னால் மழை பெய்யாமல் இருந்தால் சாயங்காலம் போரின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்துவிட்டு, இரண்டு குடம் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு மாதம் கழித்து உச்சியைப் பாருங்கள். பள்ளம் தெரிந்தால் வைக்கோல் வைத்து மேடாக்கித் திரும்பக் கட்டுங்கள். ஆடிக்காற்று முடிந்ததும் இன்னொரு தடவை, ஐப்பசிக்கு முன்.

ஆள் கிடைக்காவிட்டால்

இப்போது பாதிப் பேர் மிஷின் விட்டு உருளையாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டு ஒன்று 15 முதல் 25 கிலோ இருக்கும். ஒரு ஆளே தூக்கலாம். கொட்டகை இருப்பவர்களுக்கு இதுதான் வசதி, நானும் பாதியை இப்படித்தான் வைக்கிறேன். ஆனால் கட்டும் மிஷின்காரர் அடுத்த வயலுக்கு ஓடுகிற அவசரத்தில் அறுத்த மறுநாளே வந்து நிற்பார். காய்ச்சலைப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிய கட்டு வெளியே பொன்னாகவும் உள்ளே பூசணமாகவும் இருக்கும். ஒரே அளவுக் கட்டுகளில் ஒன்று மட்டும் கனத்தால் சந்தேகப்படுங்கள். திறந்தவெளியில் உருளைகளை அடுக்கினால் இடுக்கெல்லாம் தண்ணீர் இறங்கும், முகடு போட முடியாது. இவற்றுக்குக் கூரை வேண்டும், இல்லையென்றால் பாய். கட்டைப் பிரித்ததும் சணலோ நைலானோ, அந்தக் கயிற்றை உருவி ஆணியில் மாட்டிவிடுங்கள். வைக்கோலோடு மாடு விழுங்கினால் வயிற்றில் சிக்கிக்கொள்ளும்.

பிடுங்குவது

வடகிழக்குப் பருவமழைச் சாரல் அதிகம் படாத தெற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே இடத்தில் குடைந்துகொண்டே போனால் மேலே தொங்கும் பாரம் ஒரு நாள் சரியும். குழந்தைகள் ஒளிந்து விளையாடும் இடம் அதுதான். மேலேயிருந்து கீழ்வரை செங்குத்தாக ஒரு பத்தி எடுத்து, பிறகு அடுத்த பத்தி. எந்தக் காரணத்துக்காகவும் முதலில் கையை விடாதீர்கள். கம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கொக்கியால் இழுத்துப் போட்டு, உதறிவிட்டுத் தொடுங்கள். எங்கள் போரில் ஒரு சாரை குடியிருக்கிறது. எலிக்கு நல்லது என்று விட்டுவைத்திருக்கிறோம். அது எப்போதும் சாரையாகவே இருக்கும் என்று என்ன நிச்சயம்?

வெள்ளை, கறுப்புப் பூசணம் படிந்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது. பூசண வைக்கோலைத் தொடர்ந்து தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காது நுனியும் அழுகி விழும் நோய் ஒன்று உண்டு. பஞ்சாப் பக்கம் முதலில் கண்டது, டெக்னாலா என்று பெயர். உதறும்போது பறக்கும் தூசி உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது, மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து குறைவு. புரதம் 3, 4 சதவீதம்தான். நறுக்கிப் பசும்புல்லோடு கலந்து போட்டால் வீணாவது குறையும். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து 21 நாள் மூடிவைத்து ஊட்டமேற்றும் முறை ஒன்று இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் நேரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியா கரைத்த தண்ணீரை மாடு நேராகக் குடித்தால் செத்துவிடும்.

அடுத்த தை வருவதற்குள் அடியில் ஒரு சாண் கறுத்த கூளம் மிஞ்சும். அதை எருக்குழியில் தள்ளிவிட்டு, கட்டைகளைப் புரட்டி இரண்டு வாரம் வெயில் காட்டுங்கள். கரையான் ஏறிய கட்டையைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். அதை மட்டும் மாற்றினால் போதும்.